முதல் மாதம் யாருடைய கணினியில்?

கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட் அறைக்குக் குடிவந்த நான்காம் நாள், வாடகை ஒப்பந்தத்தைப் பிரின்ட் எடுக்க ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்த கணினியில் என் மின்னஞ்சலைத் திறந்து ஒப்பந்தத்தை இறக்கினேன். அந்தக் கோப்பு எங்கே போனது என்று தேடினால், அதே இடத்தில் வேறு யாரோ ஒரு பெண்ணின் கடவுச்சீட்டுப் படமும் படிப்பு அனுமதியும் வங்கிக் கடிதமும் வரிசையாகக் கிடந்தன. வேலை முடிந்ததும் திரையில் திறந்திருந்த ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போயிருக்கிறார். மூடினால் எல்லாம் போய்விடும் என்றுதான் நானும் அதுவரை நம்பியிருந்தேன். அவருடையதையும் என்னுடையதையும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு வந்தேன். அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

ரொறன்ரோவுக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் முதல் மாதத்தில் அடுத்தவர் கணினியைத் தொடத்தான் வேண்டியிருக்கும். மடிக்கணினியின் பிளக் இந்த ஊர்ச் சுவருக்குப் பொருந்தாது, கைபேசியில் டேட்டா குறைவாக இருக்கும், எல்லாரும் பிரின்ட் கேட்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் அனுமதிக் கடிதம், கல்லூரிக் கடிதம், வங்கி அறிவிப்பு எல்லாம் ஒரே ஒரு மின்னஞ்சல் பெட்டிக்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டி கைவிட்டுப் போனால், அதைப் பிடித்தவர் உங்கள் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் அதன் வழியாகவே மாற்றிவிடலாம். ஆகவே காப்பாற்ற வேண்டிய முதல் பொருள் அதுதான்.

விமானம் ஏறும் முன்பே இதைச் செய்யுங்கள். மின்னஞ்சலுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள், அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும்படி செய்யுங்கள். ஆனால் ஊர் சிம்முக்கு வரும் ஓடிபியை மட்டும் நம்பி வராதீர்கள். இங்கே புது சிம் போட்ட அன்றே பலர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நிற்கிறார்கள். சிம் இல்லாமலே அந்தக் குறியீட்டைக் கைபேசியில் உருவாக்கித் தரும் ஓதென்டிகேட்டர் செயலியை நிறுவுங்கள். கூகுள் கணக்கு என்றால் 8 இலக்கங்கள் கொண்ட 10 மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும், கைபேசி கையில் இல்லாதபோது அவற்றை வைத்து உள்ளே நுழையலாம். அவற்றைத் தாளில் எழுதி, கடவுச்சீட்டு இருக்கும் பையில் வைக்காமல் வேறு பெட்டியில் வையுங்கள். ஊர் வங்கியின் ஓடிபி இனியும் வேண்டும் என்பதால் அந்த சிம்மை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் 90 நாள் எந்தப் பாவனையும் இல்லாவிட்டால் தொலைபேசி நிறுவனம் இலக்கத்தைத் துண்டித்துவிடலாம். புறப்படும் முன் ரோமிங்கை இயக்கி, சிறு தொகையாவது போட்டு வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. உங்கள் விண்ணப்பத்தைச் செய்து தந்த முகவர் அவருடைய மின்னஞ்சலை வைத்தோ, அவர் போட்ட கடவுச்சொல்லை வைத்தோ குடிவரவுக் கணக்கைத் திறந்திருக்கலாம். அனுமதியை நீட்டிக்கும் நாளில்தான் சாவி வேறொருவர் கையில் இருப்பது தெரியவரும். வந்த முதல் வாரமே கேட்டு வாங்கி, கடவுச்சொல்லையும் மீட்பு இலக்கத்தையும் உங்களுடையதாக மாற்றுங்கள். மனஸ்தாபம் வருமே என்று தயங்க வேண்டாம், அது உங்கள் கணக்கு.

சரி, பிரின்ட் எடுக்க எங்கே போவது? ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் உண்டு. நகரத்தில் வசிப்பவருக்கும் படிப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் அட்டை இலவசம். கைபேசியிலிருந்தே அச்சுக்கு அனுப்ப வழி இருக்கிறதா என்று முதலில் பணியாளரிடம் கேளுங்கள். இருந்தால் அங்குள்ள கணினியில் உங்கள் கணக்கைத் திறக்கவே தேவையில்லை. திறந்துதான் ஆகவேண்டும் என்றால் பார்த்த பக்கங்களையும் உள்நுழைவையும் மூடியதும் மறந்துவிடும் இன்காக்னிட்டோ ஜன்னலைப் பயன்படுத்துங்கள், 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், முடிந்ததும் லாக் அவுட் செய்து, இறக்கிய கோப்பை அழித்துவிடுங்கள். வீடு திரும்பியதும் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். அந்தக் கணினி இன்னும் அதில் தெரிந்தால் அங்கிருந்தே வெளியேற்றலாம்.

இத்தனை செய்தாலும், தட்டச்சு செய்வதைத் திருடும் மென்பொருள் அந்தக் கணினியில் இருந்தால் இன்காக்னிட்டோ உங்களைக் காப்பாற்றாது. 2023 அக்டோபரில் ரொறன்ரோ பொது நூலகமே ரான்சம்வேர் (கணினிகளை முடக்கிப் பணம் கேட்டு மிரட்டும் மென்பொருள்) தாக்குதலுக்கு உள்ளாகி, பொதுக் கணினிகள் பல வாரங்கள் இயங்காமல் கிடந்தன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலைமை. வங்கிக் கணக்கை உங்கள் சொந்தக் கைபேசியில் மட்டும் திறவுங்கள். அறைத் தோழரின் மடிக்கணினியும் அடுத்தவர் கணினிதான்.

விமான நிலையத்து இலவச வைஃபை பற்றி ஊரில் பயமுறுத்தி அனுப்புவார்கள். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்தோடு, அதாவது இடையில் இருப்பவர் படிக்க முடியாதபடி, இயங்குவதால் அந்தப் பயம் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். தளம் உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற பொருளில் சான்றிதழ் பிழை என்று எச்சரிக்கை வந்தால் மட்டும் அதைத் தாண்டிப் போகாமல் நிறுத்துங்கள். தெரிந்த வைஃபையில் தானாக இணையும் வசதியை அணைத்துவிடுங்கள்.

அறை தேடும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வீட்டைக் காட்டாமலே முற்பணத்தை இன்டராக் (கனடிய வங்கிகளுக்கு இடையே மின்னஞ்சல் வழியாகப் பணம் அனுப்பும் முறை) மூலம் அனுப்பச் சொல்வார்கள். அது ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். சின் (SIN) எனப்படும் கனடிய சமூகக் காப்புறுதி இலக்கத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். அந்த 9 இலக்கங்கள் உங்களை வேலைக்கு எடுத்தவருக்கும், வங்கிக்கும், அரசுக்கும்தான் தேவை. வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வரித்துறையிலிருந்து பேசுகிறோம், கிஃப்ட் கார்டில் கட்டுங்கள் என்று யாராவது மிரட்டினால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். கனடிய வரித்துறை கிஃப்ட் கார்டில் பணம் வாங்குவதே இல்லை. திரையில் தெரியும் இலக்கத்தையும் நம்பாதீர்கள், அதைப் போலியாகக் காட்ட முடியும். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் முதலில் வங்கியையும், பிறகு கனடிய மோசடித் தடுப்பு மையத்தையும் 1-888-495-8501 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்கள். நீங்கள் வெளிநாடு போனதும் புது இலக்கத்திலிருந்து செய்தி வரும் என்று அம்மா எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார். 'அம்மா, இது என் புது நம்பர், அவசரமாகக் காசு வேணும்' என்று வாட்ஸ்அப்பில் யார் எழுதினாலும் அவர் பதறிப்போவார். புறப்படும் முன் இருவரும் ஒரு கேள்வியைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயரோ, பாட்டி வீட்டுக் கிணற்றடியில் நின்ற மரமோ, ஃபேஸ்புக்கில் எழுதாத எதுவானாலும் சரி. அதற்குப் பதில் வராமல் ஒரு ரூபாய் கூட அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.