காய்ச்சல் விட்டாச்சு, பெரியவரை இன்னும் ஏன் படுக்க வைத்திருக்கிறீர்கள்?

கடுமையான இன்ஃப்ளூயன்சாவோ கோவிட் நிமோனியாவோ வந்து, பிழைத்து வீடு திரும்பிய முதியவருக்கு வீட்டார் பாசத்தில் செய்யும் பெரிய தவறு, "நீங்க அசையவே வேணாம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்பதுதான். ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை கரைந்திருந்தது. நோயில் அடிபட்ட உடம்புக்கு இழப்பு இன்னும் கூடும்.

மருத்துவர் தடை சொல்லாதவரை, நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மறுபடி உட்காருவதே நல்ல தொடக்கம். படுக்கையிலிருந்து சட்டென்று தூக்கி நிறுத்தாதீர்கள்; ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழுவார். கட்டில் ஓரத்தில் பாதங்களைத் தரையில் ஊன்றி ஓரிரு நிமிடம் உட்காரட்டும். பிறகு எழட்டும். நாலைந்து தடவை எழுந்து உட்கார்ந்தால் ஒரு வேளைக்குப் போதும். பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். அவர் கால்தான் வேலை செய்ய வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஒருநாள் தெம்பாக இருக்கிறதென்று இரண்டு மடங்கு நடக்க வைப்பார்கள். சிலருக்கு அதன் விளைவு அன்றைக்குத் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆளையே சாய்த்துவிடும். அப்படி நடந்தால் அளவைக் குறைக்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது. நடக்கும்போது ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்பதே எளிய அளவுகோல். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரையும் உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நடந்த பிறகும் பாருங்கள். 3 புள்ளிக்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் வெறும் திரவமும் பழச்சாறுமாக ஓட்டினால் தசை திரும்பாது. எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ எடை என்றால் 60–75 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். வென்டிலேட்டரில் (செயற்கை சுவாசக் கருவியில்) இருந்தவர் தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ, குடித்தபின் குரல் கரகரத்தாலோ, விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். படுத்தபடி எதையும் புகட்ட வேண்டாம்.

எடை குறைந்த பிறகும் பழைய அளவிலேயே பிரஷர் மாத்திரை தொடர்வது பலரும் கவனிக்காத விஷயம். மருந்துச் சீட்டை மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென நேரம், இடம் தெரியாமல் உளறினால், அல்லது காரணமில்லாமல் மந்தமாகிக் கிடந்தால், "வயசானா அப்படித்தான்" என்று விடாதீர்கள். புதிய தொற்று, நீரிழப்பு, மருந்தின் பக்கவிளைவு என எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.