பழைய செய்தித்தாளில் தேடும்போது அந்தக் காலத்துச் சொல்லைப் போடுங்கள்

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் 1803-ல் தொடங்கிய சிட்னி கெசட் முதல் கோடிக்கணக்கான செய்திகள் இலவசமாகக் கிடக்கின்றன. ஆனால் அங்கே போய் 'முதல் உலகப் போர்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 1916-ஆம் ஆண்டுச் செய்தி எப்படி வரும்? இரண்டாவது ஒன்று வரப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும், அவர்களுக்கு அது 'கிரேட் வார்', அவ்வளவுதான். ரேடியோவுக்கு 'வயர்லெஸ்' என்று போட்டுப் பாருங்கள்.

அப்புறம், அந்த எழுத்துகளைப் படித்தது கணினி என்பதால் மங்கிய அச்சில் ஆங்கில 'சி'யை (c) 'ஈ' (e) என்று வாசித்திருக்கும், அதனால் ஒரு பெயர் கிடைக்கவில்லையென்றால் எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள். பிழை கண்ணில் பட்டால் நீங்களே அங்கேயே திருத்தலாம். எனக்குப் பிடித்தது விளம்பரங்களை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது. தேநீர் என்ன விலை, வேலைக்காரருக்கு என்ன சம்பளம் என்பதெல்லாம் தலையங்கத்தில் இருக்காது, அங்கேதான் இருக்கும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஏபிஐ சாவி (நிரல் வழியாக அந்தத் தளத்தின் தரவை எடுக்க அனுமதி தரும் குறியீடு) வாங்கிக்கொண்டால் ஒரு சொல் எந்த ஆண்டில் எத்தனை செய்திகளில் வந்தது என்று மொத்தமாக எண்ணிவிடலாம். ஆண்டுக்கு ஆண்டு பத்திரிகைகளின் எண்ணிக்கையே மாறும், அதனால் வெறும் எண்ணிக்கையை நம்பாமல் விழுக்காடாக்கிப் பாருங்கள். பெரும்பாலான இதழ்கள் காப்புரிமை காரணமாக 1954-உடன் நின்றுவிடும்.