பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஆடுகிறதா? டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

விரைவுச்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடும். வேகம் 50க்குக் கீழே இறங்கியதும் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். பட்டறையில் சொன்னால் பெரும்பாலும் "டிஸ்க் வளைஞ்சு போச்சு, மாத்திடலாம்" என்பார்கள். மாற்றினால் ஆட்டம் நின்றுவிடும். சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் திரும்ப வரும்.

டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, அப்பளம் போல நெளிந்துபோவது அரிது. உண்மையில் கெடுவது அதன் தடிமன்தான். ஹப்பின் (சக்கரமும் டிஸ்க்கும் பூட்டப்படும் நடுப்பகுதி) மேல் டிஸ்க் துளி கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் மேடான பகுதி பேடை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டையை) இலேசாக உரசிக்கொண்டே இருக்கும். உரசும் இடம் மெல்ல மெல்லத் தேயும், அல்லது பேடின் பொருள் அங்கே அப்பிக்கொள்ளும். எப்படியானாலும் டிஸ்க் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகிறது. 0.015 மி.மீ. வித்தியாசமே பெடலில் தெரியத் தொடங்கும். மனித முடியின் தடிமனில் கால்வாசி கூட இல்லை.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆடுவதற்கும் காரணம் உண்டு. 205/55 ஆர்16 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். 90 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று முறை சுற்றும். முன்பக்க சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் இயல்பாகவே குலுங்க விரும்பும் வேகம் இதை ஒட்டித்தான் இருக்கிறது. டிஸ்க் தரும் சின்னத் தட்டல் அந்த வேகத்தில் பெரிதாகிக் கைக்கு வருகிறது. வேகம் குறைந்தால் தட்டல் இருக்கும், குலுக்கல் இருக்காது.

முதலில் ஓட்டிப் பாருங்கள். மழை இல்லாத நேரம், வண்டி குறைந்த பொழுது, 90 அனுமதிக்கும் விரைவுச்சாலையின் இடது தடம். பின்னால் யாரும் நெருக்கமாக இல்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, 85இலிருந்து 55 வரை மிதமான அழுத்தத்தில் நீளமாகப் பிரேக் பிடியுங்கள். திடீரென ஓங்கி மிதித்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. சிறிது இடைவெளி விட்டு மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டம் எங்கே உணரப்படுகிறது என்று கவனியுங்கள்.

ஸ்டியரிங் இடமும் வலமுமாகத் துடித்தால் கோளாறு பெரும்பாலும் முன்சக்கரங்களில். ஸ்டியரிங் அமைதியாக இருந்து இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரங்களைப் பாருங்கள். பெடல் மட்டும் பாதத்தைத் தள்ளினால் தடிமன் வேறுபாடு உறுதி, ஆனால் முன்னா பின்னா என்று பெடல் சொல்லாது. முதல் தடவை ஆடாமல் மூன்றாவது தடவை, டிஸ்க் சூடேறிய பிறகே ஆடினால், சூட்டால் வரும் ஆட்டம். டிஸ்க்கில் நீலம் பாய்ந்த திட்டுகளைத் தேடுங்கள்.

பிரேக் மிதிக்காமலே 80, 90இல் ஆடினால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். அது வீல் பேலன்ஸ், வளைந்த ரிம் அல்லது டயர் வீக்கம். சிக்னலில் பிரேக்கை மிதித்துக்கொண்டு 'டி'யில் நிற்கும்போது கார் நடுங்கினால் எஞ்சின் மவுண்ட். நனைந்த சாலையில் ஓங்கி மிதிக்கும்போது பெடல் கரகரவென வேகமாக உதைத்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது. அதே உதைப்பு காய்ந்த சாலையில் நிற்கப்போகும் கடைசி நொடியில் வந்தால் சக்கர வேக சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஹைபிரிட் கார்களில் ஒரு சிக்கல். இலேசாக மிதித்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பேட் டிஸ்க்கைச் சரியாகத் தொடவே தொடாது. சோதிக்கும்போது கொஞ்சம் அழுத்தமாக மிதியுங்கள். இந்தக் கார்களில் பேட் மெதுவாகத்தான் தேயும், ஆனால் நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் டிஸ்க் துருப்பிடிக்கும். பள்ளி விடுமுறைக்கு மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால், பேட் ஒட்டிக்கொண்டிருந்த இடம் மட்டும் அச்சு வைத்தது போல டிஸ்க்கில் தெரியும். எந்தக் காருக்கும் இது நேரும். ஓரிரு நாள் ஓட்டியும் தடம் மறையாவிட்டால் அளந்து பார்க்க வேண்டும்.

பின்பக்கம் டிரம் பிரேக்கும் கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக்கும் உள்ள பழைய கார் என்றால், வெறிச்சோடிய இடத்தில் 30இல் போகும்போது பொத்தானை அழுத்தியபடியே ஹேண்ட்பிரேக்கை மெல்ல இழுத்துப் பாருங்கள். அப்போது ஆடினால் டிரம்தான். பட்டன் வகை மின்சார ஹேண்ட்பிரேக்கில் இதைச் செய்யாதீர்கள்.

இனி சக்கரத்தைக் கழற்றும் வேலை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடம் இதற்கான இடம் இல்லை. பலருக்கும் இது பட்டறை வேலைதான். ஆனால் என்ன செய்யச் சொல்வது என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

ஜாக்கியில் தூக்கியதும் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். 'டக் டக்' என்றால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்வு தெரிந்தால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் முனை. சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் கிழிந்ததால் மட்டுமே ஆட்டம் வந்துவிடாது, ஆனால் தெரியாமல் இருந்த சின்னத் தட்டலைப் பெரிதாக்கிக் காட்டும்.

அடுத்தது அளவு. பலர் செய்யாமல் தாண்டிப்போகும் இடமும் இதுதான். கையால் தடவிப் பார்த்து "வளைஞ்சிருக்கு" என்று சொல்ல யாராலும் முடியாது. மைக்ரோமீட்டரால் டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 முதல் 15 மி.மீ. உள்ளே, சுற்றிலும் சம இடைவெளியில் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் போதாது. அதன் நுணுக்கம் பத்தாது, விளிம்பில் நிற்கும் துரு வரம்பில் தடுக்கித் தப்பான அளவும் காட்டும். எட்டு அளவுகளில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் 0.015 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் ஆட்டத்தின் காரணம் கையில் கிடைத்துவிட்டது. மிகச் சிறிய அளவை டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிடுங்கள். அதற்குக் கீழே போயிருந்தால் ஸ்கிம் செய்வதை (டிஸ்க்கின் மேற்பரப்பைச் சீவிச் சமன் செய்வதை) பற்றிப் பேச்சே வேண்டாம், புது டிஸ்க்தான்.

ஆனால் தடிமன் ஏன் கெட்டது? அதை அறிய, டிஸ்க் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்று முள்ளில் காட்டும் டயல் கேஜ் வேண்டும். அதன் காந்தக் கால் சஸ்பென்ஷன் நக்கிளில் (ஹப்பைத் தாங்கும் பாகத்தில்), முனை டிஸ்க்கின் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே. வீல் நட்டுகளை வாஷர் வைத்து எல்லாவற்றையும் முறுக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்க் ஹப்பில் சரியாகப் படியாது. மெல்ல ஒரு முழுச் சுற்று. முள் மொத்தமாக 0.05 மி.மீ.க்குள் ஆடினால் நல்லது. 0.10ஐ எட்டினால் இன்றைக்கு ஆடாவிட்டாலும் நாளைக்கு ஆடும். மேடான இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு டிஸ்க்கைக் கழற்றி, ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மேடு டிஸ்க்கோடு நகர்ந்தால் குற்றம் டிஸ்க்கில். ஹப்பின் பழைய இடத்திலேயே நின்றால் குற்றம் ஹப்பில். அப்படியானால் எத்தனை புது டிஸ்க் போட்டாலும் கதை அதேதான்.

ஹப்பில் குற்றம் என்றால் பெரும்பாலும் வெறும் துரு. ஹப் முகத்தின் ஓரத்தில் 0.05 மி.மீ. துருச் செதில் மாட்டிக்கொண்டால், டிஸ்க்கின் வெளிப்புறத்தில் அது ஏறக்குறைய இரு மடங்காகும், டிஸ்க் ஹப்பைவிட அகலமாக இருப்பதால். போல்ட்டுகளைச் சுற்றியுள்ள பகுதியையும் நடு வளையத்தையும் கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

இன்னொரு வழக்கமான குற்றவாளி டயர் கடையின் இம்பாக்ட் கன், அதாவது நட்டு முறுக்கும் இயந்திரம். நட்டுகளை ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வாக முறுக்கினால் ஹப்பும் டிஸ்க்கும் இழுபடும். டயர் மாற்றிச் சில வாரங்களிலேயே ஆட்டம் தொடங்கியிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால், எதிரெதிராக, இரண்டு கட்டமாக முறுக்க வேண்டும். கொரோலா ஆல்டிஸுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டா சிவிக்குக்கு 108. உங்கள் காரின் அளவு கையேட்டில் இருக்கும்.

பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிரேக் காலிப்பரையும் பாருங்கள். ஸ்லைடு பின்கள் விரலால் தள்ளினால் வழுக்கிச் செல்ல வேண்டும். இறுகியிருந்தால் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊத வைத்துப் பின்னை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். பிஸ்டன் சிக்கியிருக்கிறதா என்று அறிய, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு அகச்சிவப்பு வெப்பமானியால் இடது வலது டிஸ்க்குகளை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் 40 டிகிரி அதிகமாகக் கொதித்தால் அந்தப் பக்கம் பேட் விடாமல் உரசுகிறது.

பிரேக் ஆயில் மாற்றுவதும் வீல் அலைன்மெண்ட்டும் இந்த ஆட்டத்தை நிறுத்தாது. இரண்டுமே தேவையான வேலைகள்தான், இந்த நோய்க்கு மருந்து அல்ல. "இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆச்சே" என்பதும் பதில் ஆகாது. பரிசோதனை நிலையத்தின் உருளைகள் சக்கரத்தை மிக மெதுவாகத்தான் சுழற்றுகின்றன. 90இல் வரும் ஆட்டம் அங்கே எட்டிப் பார்க்காது.

தடிமன் மிச்சம் இருந்தால் ஸ்கிம் செய்யலாம். காரிலேயே வைத்து ஸ்கிம் செய்யும் இயந்திரம் இருக்கும் பட்டறை கிடைத்தால் அதுவே மேல், ஹப்பின் கோணலையும் சேர்த்துச் சரிசெய்துவிடும். நீலத் திட்டு விழுந்த டிஸ்க்குக்கு ஸ்கிம் வேண்டாம். கடும் சூட்டில் அந்த இடத்து இரும்பு கெட்டித்துப்போயிருக்கும். மேலே சீவினாலும் அது மற்ற இடங்களைவிட மெதுவாகத் தேய்ந்து மறுபடி மேடாகும். கெந்திங் மலையிலிருந்து 'டி'யிலேயே வைத்து, பிரேக்கை விடாமல் மிதித்தபடி இறங்கி வரும் கார்களில் இதைக் காணலாம். இறக்கத்தில் 'எஸ்' (S), 'எல்' (L) அல்லது 'பி' (B; நிறுத்தும் P அல்ல) கியருக்கு மாற்றுங்கள். சூடான பிரேக்கோடு அடிவாரத்தில் நிற்க நேர்ந்தால் பெடலை இறுக மிதித்துக்கொண்டு நிற்காதீர்கள். பேட் அந்த இடத்திலேயே டிஸ்க்கில் முத்திரை குத்திவிடும்.

டிஸ்க்கோ பேடோ புதிது என்றால் பழக்கிவிட வேண்டும். 60 அனுமதிக்கும், இரவில் வண்டி குறைந்த சாலையில், 60இலிருந்து 15 வரை மிதமாகப் பிரேக் பிடித்து, முழுதாக நிற்காமல் மறுபடி வேகமெடுங்கள். எட்டிலிருந்து பத்து முறை, நடுவே அரை நிமிடம் இடைவெளி. பிறகு ஐந்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் இன்னொரு முறை சரிபாருங்கள்.

பெடல் தரை வரை இறங்கினாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டாலோ சோதனை எதுவும் வேண்டாம். ஓட்டாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.