பொய் கண்டறியும் செயலியை நம்பும் முன் போட வேண்டிய கணக்கு

குரலையோ முகத்தையோ வைத்துப் பொய்யைப் பிடித்துத் தருவதாகச் சொல்லும் செயலி கையில் கிடைத்தால், அது எதை அளக்கிறது என்று முதலில் பாருங்கள். பொய்யை நேராக அளக்கும் கருவி இன்றுவரை கிடையாது. பொய் கண்டறியும் கருவி என்று பெயர் பெற்ற பாலிகிராஃப்கூட மார்பிலும் வயிற்றிலும் கட்டிய குழாய்களால் மூச்சையும், கைப்பட்டையால் ரத்த அழுத்தத்தையும், விரல்களில் வியர்வையையும்தான் பதிகிறது. மாட்டிக்கொள்ளும் பயம், வீணாகச் சந்தேகிக்கிறார்களே என்ற கோபம் இரண்டுக்குமே கோடு எகிறும்.

அடுத்து, '90 சதவீதம் துல்லியம்' என்று விளம்பரம் சொன்னால் கணக்குப் போடுங்கள். 1000 பேரில் 20 பேர் பொய்யர்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி 18 பேரைப் பிடிக்கும். நேர்மையான 980 பேரில் 98 பேரையும் சேர்த்தே பிடிக்கும். சிக்கிய 116 பேரில் 18 பேர்தான் நிஜப் பொய்யர்கள், மற்றவர்கள் அப்பாவிகள். பொய் இதைவிட அரிதாக இருக்கும் இடத்தில் இந்த விகிதம் இன்னும் மோசமாகும். மறுபக்கம், அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவில் இருந்துகொண்டே சோவியத் யூனியனுக்குத் தகவல் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986, 1991 இரண்டு முறையும் பாலிகிராஃபில் தேறிவிட்டார்.

கருவியை மேசையில் வைத்ததுமே சிலர் உண்மையைச் சொல்லிவிடுவது உண்டு. அது கருவியின் திறமை அல்ல, அதன்மேல் உள்ள நம்பிக்கை. 1971இல் உளவியலாளர்கள் ஜோன்ஸும் சிகாலும் போலிக் கருவியை வைத்தே இதைக் காட்டினார்கள். கருவி ஒருமுறை தவறாகச் சொல்லிவிட்டால் அந்த நம்பிக்கை போய்விடும். அதற்குள் சிலர் பொய்யும் இல்லாத, முழு உண்மையும் இல்லாத பதில்களைப் பழகியிருப்பார்கள்.

அதைவிட, கேட்கும் விதத்தை மாற்றுங்கள். கையில் உள்ள ஆதாரத்தை முதலிலேயே காட்டிவிடாதீர்கள். "கூட்டத்துக்குப் போனாயா?" என்றால் 'ஆமாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். "கூட்டத்தில் என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்" என்று கேட்டுவிட்டுக் குறுக்கிடாமல் இருங்கள். பிறகு அவர் தயாரித்திராத கேள்வி: பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்? ரசீது, அழைப்புப் பதிவு, உடனிருந்தவர் என்று சரிபார்க்கக்கூடிய விவரம் எவ்வளவு வருகிறது என்று கவனியுங்கள். கண்ணைப் பார்க்கவில்லை, திக்கினார் என்பதையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள். கருவி எதுவும் இல்லாமல் பொய்யையும் உண்மையையும் பிரித்தறிவதில் மனிதர்கள் ஏறக்குறைய 54 சதவீதம்தான் சரி என்கிறது, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு.

வேலைக்கான நேர்காணலில் இப்படியொரு சோதனை இருக்கிறது என்றால், ஒப்புக்கொள்ளும் முன் மூன்றைக் கேளுங்கள்: நேர்மையானவர்களை எத்தனை சதவீதம் தவறாகப் பிடிக்கிறது, யார் மேல் சோதித்தார்கள், பதிவு எத்தனை நாள் யாரிடம் இருக்கும். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.