காட்டுல எந்த மரம் எந்த மரத்தோட சேருதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

மிதவெப்பமண்டலக் காட்டுல நூத்துக்கணக்கான இனம் ஒண்ணோட ஒண்ணு கலந்து நிக்கும், கண்ணால பாத்து "இது ரெண்டும் எப்பவும் பக்கத்துல பக்கத்துல இருக்கு"ன்னு சொல்றதெல்லாம் நம்பவே கூடாது, எண்ணித்தான் ஆகணும். அதுக்கு முதல்ல காட்டை சம அளவு கட்டங்களா பிரிங்க. சீனாவுல குட்டியான்ஷான் காட்டுல 24 ஹெக்டேர் ப்ளாட் இருக்கு, 600 மீட்டருக்கு 400 மீட்டர், அதை 20க்கு 20ன்னு பிரிச்சா சரியா 600 கட்டம் வரும். 1.3 மீட்டர் உயரத்துல தண்டு விட்டம் 1 செ.மீ. அல்லது அதுக்கு மேல இருக்கிற எல்லாத்தையும் பேர் போட்டு குறிச்சுக்கணும்.

அப்புறம் ரெண்டு ரெண்டு இனமா எடுத்துக்கோங்க. உதாரணத்துக்கு 100 கட்டம்னு வைங்க, ரெண்டும் இருக்கிறது 30, முதல் இனம் மட்டும் 10, ரெண்டாவது மட்டும் 20, ரெண்டுமே இல்லாதது 40. முதல் இனம் மொத்தம் 40 கட்டம், ரெண்டாவது 50, அப்போ சும்மா தற்செயலா விழுந்திருந்தா 40 × 50 / 100 = 20 கட்டத்துல சேர்ந்திருக்கணும், ஆனா 30 இருக்கு, அதனால நேர் தொடர்பு. இது நிஜமான்னு பாக்க கை ஸ்கொயர் (chi-square, எதிர்பார்த்த எண்ணுக்கும் நிஜ எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அளக்கிற கணக்கு) போடுங்க, யேட்ஸ் திருத்தத்தோட (அந்த வித்தியாசத்தை கொஞ்சம் குறைச்சு போடுறது) 15.04 வருது, 3.84ஐ தாண்டினாலே போதும், தற்செயலா இப்படி வர வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழன்னு அர்த்தம். எதிர்பார்ப்பு எண் (மேல 20 வந்துச்சே, அது மாதிரி) 5க்கு கீழ போனா, சின்ன எண்ணுக்கும் சரியா வர்ற ஃபிஷர் டெஸ்ட்டுக்கு மாறிடுங்க.

கை ஸ்கொயர் தொடர்பு இருக்கா இல்லையான்னுதான் சொல்லும், எவ்வளவு நெருக்கம்னு சொல்லாது, அதுக்கு ஜக்கார்ட் எண், அதாவது ரெண்டும் இருக்கிற கட்டத்தை, ரெண்டுல ஒண்ணாவது இருக்கிற கட்டத்தால வகுக்கிறது. 30 / (30+10+20) = 0.5. ரெண்டுமே இல்லாத கட்டத்தை இது கண்டுக்காது, அரிய இனம் நிறைய இருக்கிற காட்டுல அது ரொம்ப நல்லது.

இப்போதான் முக்கியமான இடம். நேர் தொடர்பு வந்துட்டா ஒண்ணுக்கொண்ணு உதவுதுன்னு உடனே எழுதிடாதீங்க ப்ளீஸ், பாதி நேரம் ரெண்டுக்கும் ஒரே மண்ணு, ஒரே ஈரம் பிடிச்சிருக்கும், அவ்வளவுதான். குட்டியான்ஷான்லயே மேடும் பள்ளமுமா ஏகப்பட்ட சரிவு இருக்கு, அந்த மாதிரி இடத்துல மேட்டுக் கட்டம், பள்ளத்துக் கட்டம்னு தனித்தனியா பிரிச்சு மறுபடி கணக்கு போடுங்க, தொடர்பு காணாம போச்சுன்னா நிலம்தான் காரணமா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி (கட்டம் குறைஞ்சதாலயும் காணாம போகலாம், அதையும் பாத்துக்கோங்க). அதே மாதிரி கட்டத்தோட சைஸ மாத்தினா விடையும் மாறும், 5 மீட்டர்ல விலகி நிக்கிற ரெண்டு இனம் 20 மீட்டர்ல கூட்டாளி மாதிரி தெரியும், அதனால குறைஞ்சது ரெண்டு சைஸ்லயாவது பாருங்க.

கன்னு, பெரிய மரம் ரெண்டையும் ஒண்ணா கொட்டி கலக்காதீங்க. இன்னொண்ணு, 50 இனம் எடுத்தா 1225 ஜோடி வரும், 5 சதவீத வரம்பு வெச்சா உண்மையில எந்தத் தொடர்பும் இல்லாட்டியும் 60 ஜோடி போல பொய்யா தேறிடும், அதுக்கான திருத்தத்தை (ஜோடி நிறைய இருக்கிறதால வரம்பை இன்னும் இறுக்குறது) போட்டுட்டு அப்புறமா லிஸ்ட் எழுதுங்க.