உங்கள் செயற்கைக்கோள் எதன் வழியாகப் பேச வேண்டும்? தரைநிலையமா, ரிலே வலையமைப்பா என்று முடிவுசெய்யும் முறை

சிறிய செயற்கைக்கோள் ஒன்றைத் திட்டமிடும் குழு தகவல்தொடர்பைப் பற்றிப் பேச உட்காரும்போது, எந்த அலைவரிசை, எத்தனை வாட் என்பதே பெரும்பாலும் முதலில் எழும் கேள்வியாக இருக்கிறது. அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. செயற்கைக்கோள் சேகரித்த தரவு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். அதற்கான விடையை நிமிடக் கணக்கில் தாளில் எழுதிவிட்டால், ஒரு தரைநிலையம் போதுமா, பல வேண்டுமா, சைகையை வாங்கித் தரைக்குக் கடத்திவிடும், விண்ணிலேயே இயங்கும் ரிலே செயற்கைக்கோள்களை நாட வேண்டுமா என்பது ஏறக்குறையத் தெளிந்துவிடும்.

காத்திருக்கக்கூடிய தரவுக்கு நல்ல எடுத்துக்காட்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட். 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ஏவூர்தியில் சென்ற அந்த 40 கிலோ செயற்கைக்கோள், ஓரிடத்திலிருந்து வரும் செய்தியை வாங்கி நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வேறோரிடத்துக்கு மேலே வரும்போது இறக்கித் தரும் கருவியைச் சுமந்திருந்தது. அவசரமில்லாத தரவுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இன்றும் இல்லை.

அடுத்து, செயற்கைக்கோள் உங்கள் நிலையத்தின் பார்வையில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கணக்கிடுங்கள். 500 கிமீ உயரத்தில் துருவங்களை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோளுக்கு ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 94.6 நிமிடம் ஆகும். அதாவது நாளுக்குப் பதினைந்து சுற்றுகளுக்குச் சற்று மேல். அடிவானத்திலிருந்து அடிவானம் வரை, நேர் தலைக்கு மேலே கடந்து சென்றாலும் அது பதினொன்றரை நிமிடமே தெரியும். மரங்களையும் கட்டடங்களையும் தவிர்க்க அடிவானத்திலிருந்து 10 பாகை ஏற்றக் கோணத்துக்கு மேல் மட்டும் கணக்கில் எடுத்தால் அது ஏழரை நிமிடத்துக்கும் குறைந்துவிடும். அதுவும் தலைக்கு மேலே செல்லும் நாட்களில்தான். பக்கவாட்டில் சாய்ந்து செல்லும் கடப்புகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. சென்னையில் ஒரே ஒரு நிலையம் வைத்திருப்பவருக்கு இத்தகைய கடப்புகள் நாளுக்கு இரண்டு அல்லது மூன்று கிடைக்கும். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 14 நிமிடம். எஞ்சிய 23 மணி 46 நிமிடமும் செயற்கைக்கோள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. இந்த எண்ணைக் குழுவின் கரும்பலகையில் பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

அந்த 14 நிமிடத்தைத் தரவாக மாற்றிப் பாருங்கள். மாணவர் செயற்கைக்கோள்களில் வழக்கமாகப் பயன்படும் நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் நாளொன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மெகாபைட். தலைப்புத் தகவல், பிழைதிருத்தம், மறுபடி அனுப்புதல் ஆகியவற்றுக்குப் பாதியை ஒதுக்கினால் அரை மெகாபைட். சுமாரான ஒரு புகைப்படம்கூட ஒரே நாளில் முழுதாக வந்து சேராது. எஸ்-பேண்டில் (2 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய உயர் அலைவரிசையில்) நொடிக்கு ஒரு மெகாபிட் அனுப்ப முடிந்தால் அதே 14 நிமிடத்தில் நூறு மெகாபைட்டுக்கு மேல் இறங்கும். ஆகவே ‘தரவு போதவில்லை’ என்பது உங்கள் குறையானால், ரிலேயைத் தேடும் முன் அலைவரிசையை உயர்த்துங்கள், அல்லது நிலையத்தை இடம் மாற்றுங்கள். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகள் 78 பாகை வட அட்சத்தில் இருப்பதால், துருவச் சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் அங்கே கிட்டத்தட்ட ஒவ்வொரு சுற்றிலும் தலைகாட்டும். உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் சாட்நாக்ஸ் நிலையங்களும் அமெச்சூர் அலைவரிசைச் சைகைகளை வாங்கித் தருகின்றன. ஆனால் அவை பொதுவாகக் கேட்பதற்கே உரியவை, கட்டளை அனுப்புவதற்கு அல்ல.

இவை எதுவும் உதவாத நிலையும் உண்டு. 2013 நவம்பர் 5 அன்று மங்கள்யான் ஏவப்பட்டபோது, ஏவூர்தியின் கடைசிக் கட்டம் தென் பசிபிக் பெருங்கடலுக்கு மேலே எரிய வேண்டியிருந்தது. அங்கே இந்தியாவுக்கு நிலையம் எதுவும் இல்லை. எனவே நாளந்தா, யமுனா என்ற இரு கப்பல்களில் ஆன்டெனாக்களை ஏற்றி அனுப்பினர். மோசமான வானிலையால் ஒரு கப்பல் போய்ச்சேரத் தாமதமானதால், அக்டோபர் 28-க்குக் குறித்திருந்த ஏவுதலே தள்ளிப்போயிற்று. காத்திருக்க முடியாத தரவுக்குத் தரையை மட்டும் நம்பினால் எவ்வளவு பாடு என்பதற்கு இது போதும்.

ரிலே செயற்கைக்கோள் செய்வது, நம் வானொலி நிலையங்கள் ‘அஞ்சல் செய்தல்’ என்று சொல்லிவந்த அதே வேலைதான்: வாங்கி, அப்படியே இன்னொரு பக்கம் தருவது. நாசாவின் ரிலே செயற்கைக்கோள்களான டி.டி.ஆர்.எஸ். வரிசை 1983 ஏப்ரலில் சேலஞ்சர் விண்ணோடத்திலிருந்து விடுவிக்கப்பட்ட முதல் செயற்கைக்கோளுடன் தொடங்கியது. அதற்கு முன் தரைநிலையங்களால் ஒரு சுற்றின் ஏறத்தாழ 15 சதவீத நேரமே தொடர்பு கிடைத்தது. 35,786 கிமீ உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் இந்த ரிலேக்கள் வந்தபின் சுற்றின் பெரும்பகுதியில் தொடர்பு கிடைத்தது.

பெரும்பகுதிதான், முழுவதும் அல்ல. ரிலேக்கள் எல்லாம் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் நிலையத்தின் பார்வையிலேயே நிற்க வேண்டியிருந்ததால், இந்தியப் பெருங்கடலுக்கு மேல் ஓர் ஓட்டை விழுந்தது. 1991-ல் ஏவப்பட்ட காம்ப்டன் காமா கதிர் ஆய்வகத்தின் நாடாப் பதிவுக் கருவிகள் அடுத்த ஆண்டே நம்பத்தகாதவையாகிவிட, அந்த ஓட்டையைக் கடக்கும் நேரமெல்லாம் எடுத்த அளவீடுகள் வீணாயின. முதிர்ந்த ஒரு ரிலேயை இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நகர்த்தி, ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்கு அருகே ஒரு நிலையம் அமைத்துத்தான் அதைச் சரிசெய்தனர். பின்னர் குவாம் தீவில் நிரந்தர நிலையம் வந்தது. நீங்கள் எந்த ரிலே சேவையை ஆராய்ந்தாலும், அதன் ரிலேக்கள் எங்கே நிற்கின்றன என்பதோடு அவற்றின் தரைநிலையங்கள் எங்கே இருக்கின்றன என்றும் கேளுங்கள். சேவையில் தடை வரக் காத்திருக்காமல், உங்கள் செயற்கைக்கோளில் ஒரு நாள் தரவையாவது தாங்கும் நினைவகத்தையும் வையுங்கள்.

இனி லிங்க் பட்ஜெட், அதாவது அனுப்பும் சைகையில் எவ்வளவு வழியில் இழந்து எவ்வளவு போய்ச்சேரும் என்ற கணக்கு. வெற்றிடத்தில் ஏற்படும் இழப்பு, தூரத்தின் இருமடியாக வளரும். எஸ்-பேண்டில், 2,250 மெகாஹெர்ட்ஸில், தரைநிலையம் 2,000 கிமீ தொலைவில் இருந்தால் இழப்பு ஏறத்தாழ 165.5 டெசிபல்; ரிலே 40,000 கிமீ தொலைவில் இருந்தால் 191.5 டெசிபல். இடைவெளி 26 டெசிபல், அதாவது 400 மடங்கு. டி.டி.ஆர்.எஸ். தன் பங்குக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாக்களை வைத்திருந்தாலும், மிச்சப் பளுவை உங்கள் செயற்கைக்கோள்தான் சுமக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகளே உண்டு: வேகத்தைக் குறைப்பது, மின்சக்தியைக் கூட்டுவது, அல்லது குவிந்த கற்றை தரும் ஆன்டெனாவைப் பொருத்தி அதை எப்போதும் ரிலேயை நோக்கித் திருப்பிவைப்பது. மூன்றாவது வழி கேட்க எளிது. ஆனால் உங்கள் கேமரா கீழே பூமியைப் பார்க்க, ஆன்டெனா மேலே வானத்தைப் பார்க்க வேண்டும் என்றால், பத்து சென்டிமீட்டர்க் கனசதுரச் செயற்கைக்கோளில் அது இயந்திரப் பொறியாளருக்குத் தலைவலிதான்.

இந்தத் தலைவலியைத் தவிர்க்கப் பலர் இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசி வலையமைப்பை நாடுகின்றனர். ஏறத்தாழ 780 கிமீ உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள், ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்பவை; அதனால் அருகில் தரைநிலையம் இல்லாவிட்டாலும் செய்தி போய்ச்சேரும். அதன் குறுஞ்செய்திச் சேவைக்கான 9602 வகை மோடம் உள்ளங்கைக்குள் அடங்கும். அனுப்பும்போது ஒரு செய்திக்கு 340 பைட், பெறும்போது 270 பைட். செயற்கைக்கோளின் உடல்நிலை அறிக்கைக்கும் அவசரக் கட்டளைக்கும் இது தாராளம், படங்களுக்கு அல்ல. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. இரிடியத்தின் கற்றைகள் பூமியில் உள்ள பயனருக்காக விரிக்கப்பட்டவை என்பதால், 500 கிமீ உயரத்தில் அவை இன்னும் முழுதாக விரிந்திருக்காது. இடையே தொடர்பு கிடைக்காத இடைவெளிகள் இருக்கும். மேலும் இரு செயற்கைக்கோள்கள் எதிரெதிரே விரையும்போது எழும் டாப்ளர் விலகல் (வேகத்தால் அலைவரிசை மாறித் தெரிவது), தரையில் நிற்பவருக்கு எழுவதைவிடப் பெரிதாகி மோடத்தின் தாங்குதிறனை மீறலாம். ஆகவே ‘எப்போதும் தொடர்பு’ என்று திட்ட அறிக்கையில் எழுதாமல், சுற்றுப்பாதைக் கணிப்பு மென்பொருளில் ஒரு வாரத்துக்கு ஓட்டிப் பார்த்து, கிடைக்கும் சதவீதத்தை எழுதுங்கள்.

தரவு மிகுந்து, பணமும் இருந்தால் லேசர் உண்டு. ஐரோப்பாவின் லேசர் ரிலே அமைப்பான இ.டி.ஆர்.எஸ்.ஸின் முதல் கருவி 2016 ஜனவரியில் விண்ணுக்குச் சென்றது. சென்டினல் என்ற புவிநோக்குச் செயற்கைக்கோள் வரிசையின் படங்களை 45,000 கிமீ வரையிலான தொலைவில் நொடிக்கு 1.8 ஜிகாபிட் வேகத்தில் வாங்கித் தரையிறக்குகிறது. கல்லூரிக் குழுவுக்கு இது இப்போதைக்கு வேடிக்கை பார்க்கும் பொருள்.

நாசாவின் டி.டி.ஆர்.எஸ்.ஸை இன்று புதிதாகக் கேட்டுப் பயனில்லை. 2024 நவம்பர் முதல் அது புதிய பயனர்களை ஏற்பதில்லை, அந்த இடத்தைத் தனியார் சேவைகளுக்கு விட்டுவருகிறது. ஆட்களோடு பறக்கவிருக்கும் ககன்யானுக்காக இஸ்ரோ தன் சொந்தத் தரவு ரிலே செயற்கைக்கோள்களைத் திட்டமிட்டிருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அனுமதி வேலையை வன்பொருளுக்கு முன்பே தொடங்குங்கள். அமெச்சூர் அலைவரிசை என்றால் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் ஒருங்கிணைப்பு, இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசை ஒதுக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு, விண்வெளிச் செயல்பாட்டுக்கு அனுமதி தரும் இன்-ஸ்பேஸ், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் என்று கோப்பு பல மேசைகளைக் கடக்க வேண்டும். இரிடியம் போன்ற சேவைகளின் அலைவரிசை, தரைப் பயனர் விண்ணோடு பேச ஒதுக்கப்பட்டது. செயற்கைக்கோள் அதைப் பயன்படுத்தத் தனி அனுமதி கேட்க வேண்டும் என்பதைப் பலர் தாமதமாகவே உணர்கின்றனர்.

இறுதியாக, ரிலே இருந்தாலும் நேரடி வழியை நீக்காதீர்கள். ஏவப்பட்ட முதல் மணிநேரங்களில் செயற்கைக்கோள் உருண்டுகொண்டிருக்கும். குவிந்த ஆன்டெனா எங்கே பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்போது எல்லாத் திசையிலும் பரப்பும் ஒரு சிறு கம்பி ஆன்டெனாவிலிருந்து, 437 மெகாஹெர்ட்ஸ் அருகே, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வரும் எளிய அழைப்பொலியே அது உயிரோடு இருப்பதைச் சொல்லும். தரையில் கேட்பவர் அந்த அலைவரிசையில் இருபுறமும் ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் டாப்ளர் விலகலுக்கு ஈடுகொடுத்துத் திருகிக் கேட்க வேண்டும். மின்கலம் சரிந்தாலும், கணினி தடுமாறினாலும், ரிலே மோடம் செத்தாலும் அந்த அழைப்பொலி நிற்காதபடி அதற்குத் தனி மின்சுற்று கொடுங்கள்.