அடுத்த டெஸ்ட் வரைக்கும்: ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் நாட்களை ஓட்டுவது எப்படி?

"இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்" என்று சொல்லி டாக்டர் ஓ.பி. சீட்டில் ஒரு வரி கிறுக்குகிறார். அங்கிருந்து ரிப்போர்ட் கைக்கு வரும்வரை ஓடும் நாட்களுக்கான செய்முறை இது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பயாப்சிக்கு (சோதனைக்காக வெட்டி எடுக்கும் சதைத் துண்டு) கொடுத்துவிட்டு வந்தவருக்கும், பெரம்பூர் தனியார் லேபில் தைராய்டு மறுபடி பார்க்கச் சொன்னவருக்கும், ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனையில் சளி கொடுத்தவருக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கவலையில் ஒரு பங்கு விவரம் தெரியாததால் வருவது. கேள்வி கேட்டால் அது தீரும். மீதிப் பங்கு ரிப்போர்ட் வரும்வரை போகாது. அதை விரட்டப் பார்க்காமல், அது நாள் முழுக்கப் பரவாமல் கட்டி வைப்பதுதான் நம் வேலை.

தேவையானவை: 40 பக்க நோட்டு ஒன்று, பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று, சுவரில் மாட்டிய தினசரி காலண்டர், கூட வர ஒரு ஆள்.

படி 1: அறையை விட்டு வெளியே வருவதற்குள் கேட்க வேண்டியவை

இந்த டெஸ்ட் எதைத் தெரிந்துகொள்ள? ரிப்போர்ட் எத்தனை நாளில் வரும்? யாரிடம், எந்தக் கவுன்டரில், காகிதமா போனா? சொன்ன நாளில் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது? அதுவரை என்ன ஆனால் காத்திருக்காமல் ஓடி வர வேண்டும்?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில் கையில் இருந்தால், ராத்திரி 2 மணிக்கு வரும் ஒவ்வொரு சின்ன வலிக்கும் பயப்பட வேண்டியதில்லை. பதில்களை அங்கேயே நோட்டில் எழுதுங்கள். பதற்றத்தில் கேட்டது வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோகும். கூட வந்தவர் எழுதினால் இன்னும் நல்லது. கூட்டத்தில் டாக்டரிடம் கேட்க முடியாமல் போனால், சீட்டில் பதிவு போடும் ஸ்டாஃப் நர்ஸிடம் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கேள்விகளைக் கேட்கலாம்.

இதைப் படிக்கும்போதே நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கை அல்லது தாடை வலி, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தப்போக்கு இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். "டென்ஷன்தான்" என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

படி 2: ஏன் இவ்வளவு நாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரிப்போர்ட் தாமதமானால் ஏதோ கெட்ட செய்தி என்று ஒரு கணக்கு ஊரில் இருக்கிறது. அது தப்புக் கணக்கு.

பயாப்சியில் எடுத்த சதைத் துண்டு முதலில் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊற வேண்டும். பிறகு அதிலுள்ள நீரை எடுத்துவிட்டு மெழுகு ஏற்றுவார்கள்; பெரும்பாலும் இது ராத்திரி முழுக்க ஓடும் வேலை. மெழுகுக் கட்டியை முடியை விடப் பல மடங்கு மெல்லிய சீவல்களாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றிய பிறகுதான் நோய்க்குறியியல் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். எலும்பு என்றால் முதலில் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்க வேண்டும், அதற்குத் தனியாகச் சில நாள். சந்தேகம் வந்தால் வேறு சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள், அதற்கும் நாள் ஆகும். பின்னால் ஞாயிற்றுக்கிழமை ஒன்று வந்தாலே ஒரு நாள் தள்ளும்.

காசநோய்க்கான சளியை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவியில் போட்டால் சுமார் 2 மணி நேரத்தில் விடை தெரியும். அதே சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, வைத்தால் 42 நாள் வரை பார்ப்பார்கள். காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். லேப் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டாம்.

மறுபடி எடுக்கச் சொல்வதற்கும் சாதாரணக் காரணங்கள் உண்டு. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாகக் கூடித் தெரியும். தைராய்டு மாத்திரை அளவை மாற்றினால் டி.எஸ்.எச். (தைராய்டைக் கணிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு) நிலைப்பட 6 முதல் 8 வாரம் ஆகும். மூன்று மாதச் சர்க்கரை எனப்படும் எச்.பி.ஏ.ஒன்.சி.-ஐ மூன்றாவது வாரத்தில் மறுபடி எடுப்பதில் பெரிய பயனில்லை. இன்னொன்று: ரிப்போர்ட்டில் எதிரே அச்சடித்திருக்கும் 'நார்மல்' எல்லையே பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேரை உள்ளடக்கும்படி வகுத்ததுதான். மீதி 5 பேருக்கு நோயே இல்லாமல் கோடு தாண்டும். 20 சோதனை கொண்ட 'முழு உடல் பேக்கேஜ்' எடுத்தால் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வருவது சர்வசாதாரணம்.

படி 3: கைக்கு வேலை கொடுங்கள்

பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபிலிம், சி.டி., டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்துத் தேதி வரிசையில் அடுக்குங்கள். நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது என்று வையுங்கள். அதே புள்ளி அதே அளவில் பழைய படத்திலும் இருந்தால் விஷயத்தின் கனம் பாதி குறைந்துவிடும். ஃபிலிமை மடிக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் இந்த இடைவெளியில் அதை முடித்துவிடலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள். திருவொற்றியூர், மணலிக்காரர்களுக்கும் இப்போது அதுதான். தேவைப்படாமலே போகலாம், போகட்டும். ஆனால் "பணத்துக்கு என்ன பண்றது" என்ற கவலை மற்றக் கவலைகளோடு சேர்ந்து மண்டையைக் குடையாது.

படி 4: கவலைக்கென்று 20 நிமிடம்

இதுதான் இந்தச் செய்முறையின் முதுகெலும்பு, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். "அதையே நினைக்காதே" என்று மனதை அதட்டினால் அதுதான் முன்னால் வந்து உட்காரும். தடை போடுவதற்குப் பதில் தள்ளிப்போடுங்கள். மனநல மருத்துவத்தில் பல காலமாகச் சொல்லித்தரும் முறை இது.

தினமும் ஒரே நேரம், ஒரே இடம். சாயங்காலம் 5:30, மொட்டை மாடி என்று வையுங்கள். படுக்கை வேண்டாம், ராத்திரி 8 மணிக்கு மேல் வேண்டாம். காலை பஸ்ஸிலோ அடுப்படியிலோ பயம் எட்டிப் பார்த்தால், நோட்டில் இரண்டே வார்த்தை எழுதுங்கள்: 'கட்டி பெரிசாச்சா', 'பொண்ணு காலேஜ்'. எழுதிவிட்டுச் செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்புங்கள். 5:30-க்கு அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே 'செய்யலாம்' அல்லது 'ஒன்றும் செய்ய முடியாது' என்று குறியுங்கள். காலேஜ் கட்டணம் என்றால் நாளைக்கு யாரிடம் பேசுவது என்று ஒரு வரி எழுதலாம். கட்டி பெரிதாகிவிட்டதா என்பதற்கு ரிப்போர்ட்தான் பதில், அதன்மேல் கோடு போடுங்கள். 20 நிமிடம் ஆனதும் அலாரம் அடிக்கட்டும். எழுந்து கீழே வந்து கையில் வேலை உள்ள எதையாவது செய்யுங்கள்: கீரை ஆய்வது, தண்ணீர் பிடிப்பது, பையனைக் கணக்குப் போட வைப்பது.

முதல் மூன்று நாள் இது வேலை செய்யாதது போலத் தெரியும். ஒரு நாளைக்குப் பத்து முறை எழுத வேண்டி வரும். தோற்றுவிட்டோம் என்று விடாதீர்கள். மனம், "சாயங்காலம் இடம் உண்டு" என்று நம்பிய பிறகுதான் பகலில் தொல்லை குறைக்கும். நேரத்தைத் தவறவிட்டால் அந்த நம்பிக்கை போய்விடும். ஒன்றுமே எழுதாத நாளிலும் போய் 5 நிமிடம் உட்காருங்கள்.

படி 5: மூச்சு

4 எண்ணும்வரை மூக்கால் உள்ளே, 6 எண்ணும்வரை மெதுவாக வெளியே. ஒரு மூச்சுக்கு 10 வினாடி. 5 நிமிடத்தில் 30 மூச்சு. காலையில் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், 'ஆழமாக' என்று நினைத்து நெஞ்சு புடைக்க இழுப்பதில். அப்படி வேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் இன்னும் கூடும். வயிற்றில் கை வைத்து, அது லேசாக எழும்பும் அளவுக்கு மட்டும் இழுங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் காற்றில் வாடை அடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே செய்யுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் எண்ணிக்கையை 3, 4 என்று குறைத்துக்கொள்ளலாம்.

படி 6: ராத்திரி

மதியம் 3 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். படுத்துத் தூக்கம் வராமல் இருபது நிமிடம் போலத் தோன்றினால் எழுந்து நாற்காலியில் உட்காருங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மங்கல் வெளிச்சத்தில் துணி மடிக்கலாம். கண் சொருகும்போது திரும்பப் படுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரை கூடாது. மது குடித்து வரும் தூக்கம் பின்னிரவில் கலைந்துவிடும்.

படி 7: விரலையும் போனையும் அடக்குவது

கழுத்திலோ மார்பிலோ கட்டி இருப்பவர்கள் அதை ஒரு நாளைக்கு முப்பது தடவை அழுத்திப் பார்ப்பார்கள். அழுத்த அழுத்த அந்த இடம் வீங்கும், வலிக்கும். "நேத்து வலிக்கல, இன்னிக்கு வலிக்குது" என்ற புதுப் பயம் பிறக்கும். அந்த வலியை உண்டாக்கியது நம் விரல். டாக்டர் பார்க்கச் சொல்லியிருந்தால் வாரம் ஒரு முறை போதும்.

போனில் தேடுவதும் இப்படித்தான். ரிப்போர்ட் பாஷை நம் பாஷை அல்ல. 'நெகட்டிவ்' என்றால் தேடியது கிடைக்கவில்லை என்று பொருள், பெரும்பாலும் நல்ல செய்தி. 'லீஷன்' என்றால் சுற்றியுள்ளதிலிருந்து வேறுபட்டுத் தெரியும் இடம், அவ்வளவுதான். பழைய தழும்பையும் அப்படி எழுதுவார்கள். 'கோரிலேட் கிளினிக்கலி' என்பது உங்களைக் கையால் தொட்டுப் பார்த்த டாக்டரின் கருத்தோடு சேர்த்துப் படியுங்கள் என்ற குறிப்பு. மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) 'பைராட்ஸ்' என்று ஒரு தர எண் போடுவார்கள்; 'பைராட்ஸ் 0' என்று வந்தால் படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும் என்று பொருள். கேட்க வேண்டியது தோன்றினால் தேடல் பெட்டியில் போடாமல் நோட்டில் போடுங்கள்.

படி 8: வீடும் வாசலும்

ஹவுசிங் போர்டில் ஒருவருக்குத் தெரிந்தால் பிளாக்குக்கே தெரியும். "இன்னாச்சு, ரிப்போர்ட் வந்துச்சா?" என்று அக்கறையோடுதான் கேட்பார்கள், ஆனால் ஒரே நாளில் ஆறு பேருக்குப் பதில் சொன்னால் ஆறு முறை பயப்பட வேண்டும். ஒரே வரியைத் தயார் செய்துகொள்ளுங்கள்: "செவ்வாக்கெழம வரும்க்கா, வந்ததும் நானே சொல்றேன்." சொந்தக்காரர்களுக்குப் போன் பேசும் வேலையை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

நோயாளி வீட்டுப் பெரியவர் என்றால், அவரிடம் மறைப்பதா சொல்வதா என்ற சண்டை ரிப்போர்ட் வந்த அன்று வெடிக்கும். அன்றைக்கு அதை முடிவு செய்ய யாருக்கும் நிதானம் இருக்காது. முன்னாலேயே அவரையே கேளுங்கள்: "அப்பா, டாக்டர் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல நான் கேட்டுட்டு வந்து சொல்லட்டுமா?" அவர் சொல்வதுதான் முடிவு. கிசுகிசுப்பைப் பார்த்தே அவர் பாதி ஊகித்திருப்பார்.

இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மனநல ஓ.பி.-யில் காட்டுங்கள்; ஸ்டான்லியிலேயே உண்டு. "செத்துட்டா தேவல" என்ற எண்ணம் வந்தால் அன்றே 14416 (டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்) அல்லது 104-ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள். வீட்டில் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

படி 9: டெஸ்ட் அன்று

வெறும் வயிறு என்றால் என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைக்குப் பொதுவாகத் தண்ணீர் குடிக்கலாம், டீ கூடாது. அடிவயிற்று ஸ்கேனுக்கு மாறாக, தண்ணீர் நிறையக் குடித்து அடக்கி வைத்திருக்கச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரையை அன்று எப்போது போடுவது என்று முந்தைய நாளே கேளுங்கள். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் மூடிய இடப் பயம் வரும் என்றால் டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லுங்கள். கையில் அழுத்தும் பல்ப் கொடுப்பார்கள், அழுத்தினால் நிறுத்தி வெளியே எடுப்பார்கள். கண்ணை உள்ளே போவதற்கு முன்பே மூடிக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை ஆட்கள் ஸ்டான்லிக்கு மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை வரை வந்தால் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டி டென்ஷன் ஏறாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடிக்காரர்கள் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்ப வேண்டாம்.

படி 10: ரிப்போர்ட் கைக்கு வரும்போது

தனியார் லேப் ராத்திரி 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். அனுப்பும். அந்த நேரத்தில் விளக்க யாரும் இருக்க மாட்டார்கள். 8 மணிக்கு மேல் திறப்பதில்லை என்றும், யார் திறப்பது என்றும் முதலிலேயே பேசி வையுங்கள். திறந்ததும் முதலில் பெயர், வயது, உடம்பில் எந்தப் பக்கம் (இடதா, வலதா) என்பதைச் சரிபாருங்கள். அடுத்து 'இம்ப்ரெஷன்' என்ற கடைசிப் பத்தி. மற்றதை டாக்டர் படிக்கட்டும். பயாப்சியில் வேறொரு டாக்டரின் கருத்து வேண்டும் என்றால் காகிதம் மட்டும் போதாது, ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லோரும் நல்லது, கெட்டது என்று இரண்டுக்கு மட்டுமே மனதைத் தயார் செய்கிறார்கள். அடிக்கடி வருவது மூன்றாவது: 'சாம்பிள் போதவில்லை, மறுபடி எடுங்கள்' அல்லது 'ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்'. ஊசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி.-யில் செல்கள் போதாமல் போவது புதிதல்ல. மேமோகிராமில் 'பைராட்ஸ் 3' என்றால் புற்றுநோயாக இருக்க 100-க்கு 2 அல்லது அதற்கும் கீழேதான் வாய்ப்பு. வழக்கமாக 6 மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

அப்படி வந்தால் படி 1-க்குத் திரும்பி அந்த ஐந்து கேள்விகளையும் மறுபடி கேளுங்கள். அடுத்த தேதியைத் தினசரி காலண்டரில் அந்த நாளின் தாளிலேயே எழுதுங்கள், ஒரு வாரம் முந்தைய தாளில் 'டோக்கன், ஃபைல்' என்று எழுதுங்கள். ஆறு மாதம் என்றால் வருஷம் தாண்டிப் புதுக் காலண்டருக்குப் போகலாம். மளிகைக் கடைக்காரர் கொடுத்ததும் முதல் வேலையாக அதில் ஏற்றுங்கள். அதுவரை ஃபைல் பீரோவில் இருக்கட்டும்.